மென்று தின்ற ஒப்பந்தம்

மனிதனுக்கு நேரும் துன்பங்கள் இருவகைப்படும். ஒன்று, தனக்கு வருவது. மற்றொன்று, பக்கத்துக் கடைக்காரனுக்கு வராமல் போவது. இவற்றுள் பின்னதே கொடியது என்பது என் துணிபு.

திண்டிவனத்தில், செஞ்சி சாலை பிரியும் இடத்தருகே, இரண்டு பந்தல் கடைகள் அடுத்தடுத்து உள்ளன. முதலாவது அங்காளம்மன் பந்தல் அமைப்பகம். அதன் உரிமையாளன் பச்சைமுத்து ஆகிய நான். என்னிடம் முந்நூறு நாற்காலிகளும், நாற்பது பந்தல் தகடுகளும், சக்கரம் பூட்டிய பழைய டீசல் ஜெனரேட்டர் ஒன்றும் இருந்தன. இரண்டாவது கடை கோகுலகிருஷ்ணனுடையது. என்னைவிட எட்டு வயது இளையவன். அவனிடமும் முந்நூறு நாற்காலிகள் இருந்தன. ஆனால் அவை கைப்பிடி வைத்தவை. நான் பொறாமைக்காரன் அல்லன். கைப்பிடி வைத்த நாற்காலியில் பருத்த உறவினர்கள் சிக்கிக்கொள்வார்கள் என்பதை மட்டும், பொதுநலன் கருதி, வாடிக்கையாளரிடம் கூறிவருவது உண்டு.

எங்கள் தொழிலுக்கு வழக்கம் ஒன்று உண்டு. விழா நடத்துபவர் ஒரு தட்டில் வெற்றிலையும் பாக்கும் பதினொரு ரூபாயும் வைத்து நீட்டுவார். அதை வாங்கிக்கொண்டால் பேசிய வாடகை பேசியதுதான். டீசல் விலை ஏறினாலும், வானமே இடிந்து விழுந்தாலும், அதை மாற்றுதல் கூடாது. வெற்றிலையை அவர் கண்முன்னேயே போட்டு மெல்ல வேண்டும். மடித்து மடியில் கட்டிக்கொண்டு போனால், மனத்தில் வேறு கணக்கு இருக்கிறது என்று பொருள். கோகுலகிருஷ்ணன் இவ்வழக்கத்தைக் கைவிட்டு ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. அவன் கைப்பேசியில் முன்பணம் பெறுகிறான். கைப்பேசியை மெல்ல இயலாது. ஆகவே அவனைக் கட்டுப்படுத்தவும் இயலாது.

கார்த்திகை மாதத்தில் எங்கள் தெரு மாரியம்மன் கோயில் தீப விழாவுக்காக, விழாக் குழுவைச் சேர்ந்த நடராசன் வெற்றிலை கொண்டுவந்தார். ஜெனரேட்டருக்கு மூன்று நாள், நாளொன்றுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். வாங்கினேன், மென்றேன். அதற்கு மறுநாள் புயல் வந்தது. ஊரே ஏரியாயிற்று. ஐந்து நாள் மின்சாரம் இல்லை. தண்ணீர் தெருவில் நின்றது, கூடத்தில் நின்றது, கட்டிலின்மேலும் நின்றது. மொட்டைமாடித் தொட்டியில் மட்டும் இல்லை. மோட்டார் ஓடினாலன்றிக் குளிக்கவோ குடிக்கவோ கழிப்பறைக்குப் போகவோ வழியில்லாத நிலை.

நடராசன் முழங்கால் அளவு நீரில் நடந்துவந்தார்.

"முத்து, தீபமாவது ஒண்ணாவது! அந்த மூணு நாளைக்கு வண்டிய வூடு வூடா தள்ளிக்கினு போயி மோட்டார் போட்டு வுடு. டேங்க் ரொம்பினா போதும்."

"அண்ணே, அது கோயிலுக்குப் பேசின ரேட்டுங்க."

"வெத்தலைய துப்பிட்டியா?"

"முழுங்கிட்டேங்க."

"அப்புறம் இன்னா பேச்சு? ஜல்தியா டீசல ஊத்து."

ஆகவே தள்ளினேன். எண்பத்திரண்டு வீடுகள். யாருக்கு முன், யாருக்குப் பின் என்று அடிதடி வராதிருக்க, வரிசை எண் இட்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். மூன்று நாள் வாடகையை எண்பத்திரண்டால் வகுத்து, 'வீட்டுப் பங்கு ரூபாய் தொண்ணூற்றிரண்டு' என்று ஒவ்வொரு சீட்டிலும் எழுதி, கடை முத்திரையையும் குத்தினேன். என் வாழ்நாளில் நான் செய்த பெரும்பிழை அம்முத்திரையே.

அதே நாள்களில் கோகுலகிருஷ்ணன் தன் ஜெனரேட்டரின் அரை மணி நேர ஓட்டத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு வாங்கினான். மூன்றாம் நாள் குயிலாப்பாளையத்திலிருந்து மேலும் இரண்டு ஜெனரேட்டர்களை வாடகைக்குப் பிடித்து வந்தான். சீட்டு எழுதவில்லை. முத்திரை குத்தவில்லை. அவன் கையில் பேனாவே இல்லை.

என் மனைவி அஞ்சம்மாள் வாசலில் நின்று இரண்டு வண்டிகளையும் பார்த்தாள்.

"அவன் தள்ளுறதும் வண்டிதான், நீ தள்ளுறதும் வண்டிதான். அவன் பொண்டாட்டி பிரிட்ஜ் வாங்கப்போறாளாம். நமக்கு இன்னா வரும்? சளிதான் வரும்."

நியாயமாகக் கூறினால், ஆயிரத்து ஐந்நூறு வாங்கும் எண்ணம் எனக்கும் இருந்தது. வெற்றிலைதான் குறுக்கே நின்றது. என்னை நல்லவன் என்று தெருவார் புகழ்ந்தபோதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது.

புயலில் கொள்ளை விலை விற்றதாக எங்கும் கூக்குரல் எழுந்தது. மேலிடம் மின்னல் வேகத்தில் இயங்கியது. ஐம்பத்தோராம் நாள், 'நெருக்கடிக்கால விலை ஒழுங்கு ஆராய்வுக் குழு' என்ற ஒன்று பிறந்தது. விழுப்புரத்தில், வரும்படி இல்லாமல் மூடிக்கிடந்த ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தை அதற்கு ஒதுக்கினார்கள். குழுவின் தலைவர் சித்தார்த்தன், ஓய்வுபெற்ற உயர் அலுவலர். விலையைக் கயிறு போட்டுக் கட்ட வேண்டும் என்னும் கொள்கையினர். உறுப்பினர் பேராசிரியர் பிரபாவதி. விலை என்பது பேசும் உயிர், அதன் வாயை மூடக் கூடாது என்னும் கொள்கையினர். இருவரும் நீண்ட சாப்பாட்டு மேசையின் இரு முனைகளில் அமர்ந்தனர். இடையே மண்ணாங்கட்டி என்னும் உதவியாளர், பந்தியில் பரிமாறுவதுபோல, இங்குமங்கும் கோப்புகளைக் கொண்டு சென்றார்.

குழு சான்றுகளைத் தேடியது. திண்டிவனம் முழுவதும் தேடியதில், புயற்கால விலைக்கு எழுத்து வடிவில் கிடைத்த சான்றுகள் மொத்தம் எண்பத்திரண்டு. எண்பத்திரண்டும் என்னுடையவை. ஆகவே முதல் விசாரணைக்கு என்னை அழைத்தார்கள்.

"மிகை விலை எது என்று அறிய வேண்டுமாயின், முறை விலை எது என்று அறிய வேண்டும்" என்றார் தலைவர். "முறை விலை தொண்ணூற்றிரண்டு ரூபாய். அதை வழங்கிய பொறி உம்முடையது. இன்றுமுதல் அது மாநிலத்தின் அடிப்படை ஜெனரேட்டர். அறிக்கை வெளிவரும்வரை அது குழுவின் பாதுகாப்பில் இருக்கும்."

"ஐயா, தை பொறந்துடுச்சி. முகூர்த்த சீசனுங்க. வண்டி இல்லாத பந்தல்காரன எவன் கூப்புடுவான்?"

"வெளியே விட்டால் அது வேறொரு விலைக்கு ஓடிவிடும். அளவுகோலை யாராவது வாடகைக்கு விடுவார்களா?"

அன்று மாலையே என் ஜெனரேட்டர் அம்மண்டபத்தின் சமையற்கூடத்தில், இட்லிக் கொப்பரைகளுக்கு இடையே நிறுத்தப்பட்டது. கழுத்தில் அட்டை ஒன்று தொங்கவிடப்பட்டது: 'தொடாதே. விலை மாறும்.' பந்தல்காரர் வழக்கப்படி, வண்டியைச் சுற்றிக் கிளப்பும் இரும்பு ஹேண்டிலை மட்டும் கழற்றித் தோள்பையில் போட்டுக்கொண்டு, நான் பேருந்தில் ஊர் திரும்பினேன். ஹேண்டிலை விட்டுவிட்டு வரும் பந்தல்காரன் பிறக்கவில்லை.

இரண்டாம் விசாரணையில் பேராசிரியர் கேட்டார்: "தேவை உச்சத்தில் இருந்தபோது நீங்கள் ஏன் விலையை உயர்த்தவில்லை? இது இயற்கைக்கு மாறானது."

"வெத்தலை வாங்கிட்டேங்கம்மா."

நான் வழக்கத்தை விளக்கியதும் அவர் முகம் மலர்ந்தது. "அருமை! இது முன்பேர ஒப்பந்தம். இடர்ப்பாடு முழுவதையும் விற்பவரே ஏற்கும் அரிய வகை!"

"ஒப்பந்தம் எனில் ஆவணம் எங்கே?" என்றார் தலைவர்.

"மென்னுட்டேங்க."

தட்டச்சுச் செய்தவர் கையை நிறுத்தினார். தலைவர் நிறுத்த வேண்டாம் என்று சைகை காட்டினார். பதிவேட்டில் இவ்வாறு ஏறியது: 'சாட்சி, ஒப்பந்த ஆவணத்தை முழு அறிவுடன் மென்று, உமிழாமல், உட்கொண்டு அழித்தார்.' பின்னர், வெற்றிலைகள் எத்தனை, காம்பு கிள்ளப்பட்டதா, சுண்ணாம்பு இருதரப்பினரின் இசைவுடன் தடவப்பட்டதா என்பன ஒன்றரை மணி நேரம் ஆராயப்பட்டன. செய்முறை விளக்கம் வேண்டும் என்றனர். மண்ணாங்கட்டி ஓடிப்போய் வெற்றிலை வாங்கிவந்து நீட்டினார். நான் பின்வாங்கினேன்.

"வாணாங்க. இங்க போட்டா உங்களுக்கு ரேட்டு பேசி முடிச்சதா ஆயிடும்."

ஆகவே கொய்யா இலை தருவிக்கப்பட்டது. குழுவின் முன்னிலையில் அதை மென்று காட்டினேன். அது துவர்த்தது என்பதும் பதிவு செய்யப்பட்டது.

மூன்றாம் விசாரணை கோகுலகிருஷ்ணனுக்கு உரியது. அவனுக்கு எதிராக ஒரு துண்டுத் தாளும் இல்லை. எனவே அவனைக் குற்றம் சாட்ட வழியில்லை. குற்றம் சாட்ட வழியில்லாத ஒருவனை வீணே அழைத்ததாக ஆகக் கூடாது என்று, 'துறை வல்லுநர்' என அழைப்பாணையில் திருத்தினார்கள். அவன் வந்தான். துண்டு விரித்த நாற்காலி அவனுக்கு. பீங்கான் கோப்பையில் தேநீர் அவனுக்கு. உடன் முந்திரி பிஸ்கட்டுகள் நான்கு. அடிப்படை ஜெனரேட்டரின் உரிமையாளன் என்ற முறையில் நான் கைகழுவும் தொட்டியருகே நின்றேன். எனக்குக் காகிதக் கோப்பையில் வெந்நீர் தந்தார்கள்.

"நீங்கள் விலையை உயர்த்தினீர்களா?" என்று பேராசிரியர் இனிமையாகக் கேட்டார்.

"ஏத்துல மேடம். ஜனங்க அவசரத்துக்கு மரியாத குடுத்தேன். அந்தக் காச வச்சித்தான் இன்னும் ரெண்டு வண்டி கொண்டாந்தேன். தொண்ணூறு ரூவாய்க்கு எவன் குயிலாப்பாளையத்துல இருந்து தண்ணியில வருவான்?"

பேராசிரியர் கைதட்டினார். "கேளுங்கள் தலைவரே! விலை கூப்பிட்டது, வண்டி வந்தது. முப்பது ஆண்டுகளாக வகுப்பில் நான் கத்துவதை இவர் நீரில் நின்றே நிறுவிவிட்டார்."

தலைவர் எளிதில் மசியவில்லை. "பணம் வாங்குகையில் உமக்கு வருத்தம் உண்டாயிற்றா?"

"ஒவ்வொரு தபாவும் வருத்தப்பட்டுத்தான் சார் வாங்கினேன்."

"ஆயிரத்து ஐந்நூறுக்கும்?"

"ஆயிரத்து ஐந்நூறுக்குத்தான் சார் ரொம்ப வருத்தம்."

"அப்படியெனில் மனச்சான்று தடையின்றி இயங்கியுள்ளது. சட்டம் இதற்கு மேல் என்ன செய்துவிட முடியும்? அலுவலர்கள் பலருக்கு இவ்வளவுகூட வருத்தம் வருவதில்லை. நான் என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்."

கோகுலகிருஷ்ணன் நான்காம் பிஸ்கட்டை எடுத்தான். அதை அவன் கடித்த ஓசை எனக்குக் கேட்டது.

அன்று பொதுமக்கள் சார்பில் சித்ரா என்னும் பெண்ணும் வந்திருந்தாள். திண்டிவனத்தில் இருப்புப்பாதைக்கு அப்பால் குடியிருப்பவள். காலணித் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறவள். பணம் கொடுத்தபோது அவளுடைய மனநிலை யாது என்று தலைவர் வினவினார்.

"திட்டிக்கினேதாங்க குடுத்தேன். மாமியார் எழுந்திரிக்க முடியாம கெடந்தாங்க. கம்மல அடகு வச்சி குடுத்தேன். நாசமாப் போன்னு சொல்லித்தான் குடுத்தேன். ஆனா அவரு வந்தாரு." பின்பு என் பக்கம் திரும்பினாள். "இந்த அண்ணன் வண்டி எங்க தெரு பக்கம் எட்டியே பாக்கல. அது வெத்தலை வச்ச தெருவுக்குத்தான் ஓடுச்சி. எங்கள மாதிரி ஆளுங்ககிட்ட வெத்தலைய யாரு நீட்டுனாங்க, யாரு வாங்குனாங்க? ஆமா சார், நீங்கல்லாம் அன்னிக்கு எங்க இருந்தீங்க?"

'சாட்சி வினா எழுப்பினார். வினா எழுப்பும் அதிகாரம் சாட்சிக்கு இல்லை' என்று பதிவாயிற்று.

அவள் கூறியதைக் கேட்டு நான் தலைகுனிந்தேன். உண்மையாகவே குனிந்தேன். பத்து நிமிடம் கழித்துத் தலை நிமிர்ந்தபோது கோகுலகிருஷ்ணனுக்கு இரண்டாம் தேநீர் வந்துகொண்டிருந்தது. குனிந்த தலை அதன்பின் நிமிர்ந்தே இருந்தது.

மாசி கழிந்தது, பங்குனி கழிந்தது. வெள்ளிதோறும் நான் விழுப்புரம் சென்று, மாநிலத்தின் அடிப்படை ஜெனரேட்டரைத் துணியால் துடைக்கப் பணிக்கப்பட்டேன். துடைக்கலாம்; கிளப்பக் கூடாது. கிளப்பினால் டீசல் செலவாகும், டீசலின் விலையேறினால் அடிப்படை நகரும் என்றனர். வண்டியைத் திரும்பத் தருமாறு மனு எழுதிச் சென்றால், மண்ணாங்கட்டி வருத்தத்துடன் கூறினார்:

"அதுக்கு மனு பாரம் இல்லியே முத்து. மூணு பாரந்தான் கீது. அதிகமா வித்தவன், அதிகமா வாங்கினவன், அதிகமா வித்தவன பாத்தவன். கரெக்டா வித்தவனுக்கு பிரிண்ட் அடிக்கல. அப்படி ஒருத்தன் வருவான்னு யாரும் நெனைக்கல."

இதற்கிடையே ஓமந்தூரில் என் மைத்துனன் மகள் திருமணம். வண்டி இல்லாத மாமனிடம் என்ன வாங்குவது என்று, மைத்துனன் கோகுலகிருஷ்ணனுக்குக் கைப்பேசியில் முன்பணம் அனுப்பிவிட்டான். நான் திருமண வீட்டில் விருந்தினனாகக் கைப்பிடி வைத்த நாற்காலியின் முன் நின்றேன், அமரவில்லை. அஞ்சம்மாள் அமர்ந்தாள். இரு கைகளையும் அகட்டி வைத்து, நன்றாகச் சாய்ந்தாள்.

"இன்னா சொகமா கீது தெரியுமா! உக்காந்துதான் பாரேன்யா. பொறாமை புடிச்ச மனுசன்."

அவள் எந்தப் பக்கமும் சிக்கிக்கொள்ளவில்லை என்பது என்னை மிகவும் புண்படுத்தியது.

சித்திரையில் அறிக்கை ஆயத்தமாயிற்று. நானூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள். விலையேற்றம் நன்றா, தீதா என்பதில் தலைவரும் பேராசிரியரும் இறுதிவரை உடன்படவில்லை. ஆகவே அது குறித்து, 'மேலும் ஒரு குழு ஆராய்தல் நலம்' என்று எழுதினார்கள். வெற்றிலை குறித்து இருவரும் முழுமையாக உடன்பட்டனர்: நெருக்கடிக் காலத்தில் மெல்லத்தக்க ஒப்பந்தங்கள் தடை செய்யப்பட வேண்டும். துறை வல்லுநர் கோகுலகிருஷ்ணனுக்கு வெளியீட்டு விழாவில் பொன்னாடை போர்த்துவது என்றும், அடிப்படை ஜெனரேட்டர் நிரந்தரமாகக் குழுவின் காட்சிப் பொருளாக இருக்கும் என்றும் முடிவாயிற்று. இந்த 'நிரந்தரமாக' என்ற சொல்லை மண்ணாங்கட்டி எனக்குத் தொலைபேசியில் இருமுறை படித்துக் காட்டினார்.

விழா அதே விழுப்புரம் மண்டபத்தில், முற்பகல் பதினொரு மணிக்கு. நான் பிறர் கண்ணில் படாமல் பின்வரிசையில் நின்றேன். தோள்பையில் ஹேண்டில் இருந்தது. இருநூறு பேர் கோகுலகிருஷ்ணனின் நாற்காலிகளில் அமர்ந்திருந்தனர். தலைவர் ஒலிபெருக்கியின் முன் நின்று, "இக்குழு விலையின் வேரைக் கண்டுவிட்டது" என்றார். அந்நேரம் வெளியே தெருமுனை மின்மாற்றி வெடித்தது. ஒலிபெருக்கி அடங்கியது. மின்விசிறிகள் நின்றன. குழுவின் பெருமைகளைப் படமாகக் காட்டவிருந்த திரை வெறும் வேட்டியாயிற்று.

சித்திரை வெயில் தகரக் கூரை வழியே இறங்கியது. ஐந்து நிமிடத்தில் அழைப்பிதழ்கள் விசிறிகளாயின. பத்து நிமிடத்தில் அறிக்கைகளும் விசிறிகளாயின. சிறப்பு விருந்தினர் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

"கோகுலகிருஷ்ணன், உம் ஜெனரேட்டர்?" என்றார் தலைவர்.

"பெரிய முகூர்த்தம் சார் இன்னிக்கி. புதுசா வாங்கினது கூட்டேரிப்பட்டு, பழசு மயிலம். நாலு ஜில்லாவுல தேடினாலும் வண்டி கெடைக்காது."

பேராசிரியர் எழுந்து, "எவ்வளவு வேண்டுமானாலும் தரலாம்! விலையைக் கூறுங்கள், வண்டி தானே வரும்!" என்று வாசலை நோக்கி உரக்கக் கூவினார். விலை கூப்பிட்டது. வாசலில் நாய் ஒன்று எழுந்து வேறு நிழலுக்குப் போயிற்று.

மண்ணாங்கட்டி தொண்டையைச் செருமினார். "ஐயா, அடுப்பங்கரையில ஒண்ணு கீதுங்களே."

இருநூறு முகங்களும் என் பக்கம் திரும்பின. தலைவர் மேடையிலிருந்து இறங்கி விரைந்து வந்தார். "பச்சைமுத்து! உடனே கிளப்பும். உமக்கு முறை விலை தருகிறோம். தொண்ணூற்றிரண்டு ரூபாய்." கூறியதோடு நில்லாமல், வழக்கம் அறிந்தவராகத் தம்மைக் காட்டிக்கொள்ள விரும்பி, பொன்னாடைத் தட்டிலிருந்த வெற்றிலையையும் பாக்கையும் என்முன் நீட்டினார்.

என் வலக்கை தானாகவே எழுந்தது. இருபத்தாறு ஆண்டுப் பழக்கம். அது பாதி வழி சென்றதும் நான் அதைப் பிடித்து இழுத்து, இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"வெத்தலை இருக்கட்டுங்க. மொதல்ல ரேட்டு பேசுவோம்."

விசிறிக்கொண்டிருந்தவர்கள் நாற்காலிகளை அருகே இழுத்துப் போட்டார்கள்.

"எவ்ளோய்யா கேக்குற?" என்றார் தலைவர். அவர் பேச்சுத் தமிழில் பேசி நான் கேட்டது அதுவே முதன்முறை.

"பணம் வாணாங்க. வண்டி என் வூட்டுக்கு வரணும். இன்னிக்கே. எழுதி, கையெழுத்து போட்டு, சீல் குத்தி குடுங்க. அப்பத்தான் ஹேண்டில் வெளிய வரும்."

"நெருக்கடியைப் பயன்படுத்திக்கொள்கிறீர்! நான்கு மாதம் நாங்கள் ஆராய்ந்த குற்றமே இதுதான்!"

"இல்லை தலைவரே," என்று பேராசிரியர் முந்தானையால் கழுத்தைத் துடைத்தார். "இது மிகத் தெளிவான விலை. தயவுசெய்து கொடுத்துத் தொலையுங்கள்."

நான்கு மாதங்களாக இல்லாதிருந்த படிவம் நான்கு நிமிடத்தில் பிறந்தது. அறிக்கையின் பின்னட்டையைக் கிழித்து அதன் மறுபுறத்தில் எழுதினார்கள். தலைவரின் கையெழுத்தின்மீது வியர்வை சொட்டியது. முத்திரை சற்றே கோணலாக விழுந்தது. மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். சமையற்கூடம் சென்று, கழுத்து அட்டையைக் கழற்றி, ஹேண்டிலைப் பொருத்தினேன். மூன்றாம் சுற்றில் வண்டி இருமியது. நான்காம் சுற்றில் கிளம்பியது. கூடத்தில் இருநூறு பேர் "ஆ" என்றது புகைக்கு நடுவே கேட்டது.

பொன்னாடை போர்த்தப்பட்டது. அது அரக்கு நிறம். சரிகை இரு விரற்கடை அகலம். கதவிடுக்கின் வழியே நான் அதைப் பார்க்கவே இல்லை என்று சொல்வதற்கில்லை.

விழா முடிந்து, பொன்னாடையோடு கோகுலகிருஷ்ணன் சமையற்கூடத்துக்கு வந்தான். இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்தினான்.

"முத்தண்ணே, எவ்ளோ தேத்தினே?"

"ஒண்ணும் இல்லடா. என் வண்டிய திருப்பி வாங்கினேன்."

"யாருகிட்ட கத வுடுறே? சும்மாவா அந்தாளு அப்புடி வேர்த்துக்கினு கையெழுத்து போட்டாரு? ஊருல ஒத்த வண்டி. நானா இருந்தா இருபதாயிரம் கேட்டிருப்பேன். முப்பதா?"

அவன் பார்வை என் சட்டைப்பையின்மீது இருந்தது. பொன்னாடை ஒரு தோளிலிருந்து நழுவியதையும் அவன் அறியவில்லை. கண் சுருங்கி, உதடு ஒரு பக்கம் இழுபட்டிருந்த அம்முகத்தை நான் நன்கு அறிவேன். கார்த்திகை தொடங்கி என் கடைக் கண்ணாடியில் குடியிருந்த முகம் அது.

மண்ணாங்கட்டி வெற்றிலைத் தட்டை அடுப்பு மேடைமீது வைத்துவிட்டுப் போயிருந்தார். விலைதான் முடிந்துவிட்டதே. இரண்டு வெற்றிலைகளை எடுத்துக் காம்பு கிள்ளிச் சுண்ணாம்பு தடவி, பாக்குடன் வாயில் இட்டேன்.

"நாப்பதா? அண்ணே, சொல்லுண்ணே. எவ்ளோண்ணே?"

வாய் நிறைந்திருந்தபடியால் என்னால் விடை கூற இயலவில்லை. அவசரமின்றி மென்றுகொண்டிருந்தேன்.